ராட்சதர்களின் காலம் – 9: சாவி தொங்கிய கழுத்து

1969 டிசம்பர் 20, சனிக்கிழமை. ஜப்பானியப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை தொடங்கும் நேரம். தோஹோ நிறுவனத்தின் திரையரங்குகளில் அன்று ஒரே டிக்கெட்டுக்கு மூன்று படங்கள் ஓடின. பேஸ்பால் வெறி பிடித்த சிறுவர்களைக் கட்டிப்போட்ட ‘கியோஜின் நோ ஹோஷி’ கார்ட்டூன் ஒன்று. தொலைக்காட்சியில் நாட்டையே சிரிக்கவைத்துக்கொண்டிருந்த ‘கொன்டோ 55’ என்ற நகைச்சுவை இரட்டையர் விண்வெளிக்குப் போகும் படம் இரண்டாவது. மூன்றாவது, வெறும் 70 நிமிடம் ஓடும் புதிய காட்ஸில்லா படம். இந்த ஏற்பாட்டுக்கு ‘தோஹோ சாம்பியன் மட்சுரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மட்சுரி என்றால் திருவிழா. பள்ளி விடுமுறைதோறும் குழந்தைகளுக்காக நடக்கவிருந்த திரைத் திருவிழாவின் முதல் நாள் அது.

அன்று வெளிவந்த காட்ஸில்லா படத்தின் பெயர் ‘ஓரு கைஜு டைஷிங்கெகி’. எல்லா ராட்சதர்களும் சேர்ந்து படையெடுத்து வருகிறார்கள் என்று பெயர் முழங்குகிறது. உள்ளே போய் உட்கார்ந்தால் படையெடுப்பு எதுவும் இல்லை. டோக்கியோ எரியவில்லை, ராணுவ டாங்கிகள் வரவில்லை, விஞ்ஞானிகள் கூடிப் பேசவில்லை. பள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து, தானே பூட்டைத் திறந்து, ஆளில்லாத அறையில் உட்காரும் ஒரு சிறுவனின் கதை நடக்கிறது. காட்ஸில்லா வரிசையில் எது மிக மோசமான படம் என்று ரசிகர்கள் பேசும்போதெல்லாம் இதன் பெயர் தவறாமல் அடிபட்டுவந்திருக்கிறது. இந்தத் தீர்ப்பை என்னால் ஒருபோதும் ஏற்க முடிந்ததில்லை. 1954இன் முதல் படத்துக்குப் பிறகு, தன் காலத்து ஜப்பானை இத்தனை நேராகப் பார்த்த காட்ஸில்லா படம் அதுவரை வேறில்லை என்பதே என் எண்ணம். இந்த இதழை முழுவதுமாக இதற்கே ஒதுக்குவதற்கும் அதுதான் காரணம்.

முதலில் வியாபாரக் கதை. 1958இல் ஜப்பானியத் திரையரங்குகளில் விற்ற டிக்கெட்டுகள் 112 கோடிக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகையே அப்போது பத்துக் கோடிக்குள்தான். குழந்தை முதல் கிழவி வரை ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சினிமாவுக்குப் போனார்கள் என்று பொருள். மறு வருடமே பட்டத்து இளவரசரின் திருமணம். ஊர்வலத்தைப் பார்ப்பதற்கென்றே மக்கள் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார்கள். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் வந்தது. பெட்டி இல்லாத வீடு அபூர்வமாகிவிட்டது. 1969இல் திரையரங்கு டிக்கெட் விற்பனை சுமார் 28 கோடி. பதினோரு வருடத்தில் நாலில் மூன்று பங்கு கூட்டம் கரைந்துபோயிருந்தது.

ராட்சதர்களும் கூட்டத்தோடு சேர்ந்து வீட்டுக்குள் குடிபுகுந்துவிட்டார்கள். காட்ஸில்லாவின் தந்திரக் காட்சிகளை உருவாக்கிய எய்ஜி சுபுராயா 1963இல் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தார். அதிலிருந்து 1966 ஜனவரியில் ‘அல்ட்ரா கியூ’வும் அதே ஆண்டு ஜூலையில் ‘அல்ட்ராமே’னும் தொலைக்காட்சிக்கு வந்தன. வாரத்துக்கு ஒரு புது ராட்சதன், அதுவும் காசில்லாமல். காலையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேசிக்கொள்வதற்கு அது போதும். 1954இல் முதல் காட்ஸில்லாவைப் பார்க்க 96 லட்சம் பேர் வந்தார்கள். 1962இல் கிங்காங்குடன் மோதியபோது 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். 1968 ஆகஸ்டில், தன்னிடமிருந்த ராட்சதர்களில் பெரும்பாலோரை ஒரே படத்தில் இறக்கி, இத்துடன் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்ற யோசனையில் தோஹோ வெளியிட்ட ‘கைஜு சோஷிங்கெகி’க்கு வந்தவர்கள் 25 லட்சத்து 80 ஆயிரம் பேர்தான்.

இதற்கிடையே போட்டி நிறுவனமான டாய்எய் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருந்தது. 1965 நவம்பரில் அது வெளியிட்ட ‘கமேரா’வின் நாயகன் பறக்கும் ஆமை. கால்களை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, அந்தத் துளைகள் வழியே நெருப்பைக் கக்கி, சக்கரமாகச் சுழன்று பறக்கும். இயக்குநர் நோரியாகி யுவாசா, கதை நீசான் தகஹாஷி. முதல் படத்தில் ஊரை இடித்துத் தள்ளும் நேரத்திலேயே, கலங்கரை விளக்கிலிருந்து விழவிருந்த ஒரு சிறுவனைக் கமேரா கையில் ஏந்திக் காப்பாற்றுகிறது. அந்த ஒரு காட்சியில் கிடைத்த கைதட்டல் வரிசை முழுவதற்கும் திசை காட்டியது. சில வருடங்களிலேயே கமேரா குழந்தைகளின் நண்பன் ஆகிவிட்டது. பெரியவர்கள் நம்பாததைப் பிள்ளைகள் நம்புவார்கள். கடைசியில் பிள்ளைகள் சொன்னதே சரியாக இருக்கும்.

1969 மார்ச்சில் வந்த ‘கமேரா – கிரோன்’ படத்தில் அக்கியோ என்ற சிறுவனும் அவன் தோழன் டாமும் பறக்கும் தட்டில் ஏறி வேற்றுக் கிரகத்துக்குப் போகிறார்கள். போரும் சாலை விபத்தும் இல்லாத ஒரு கிரகம் எங்கேயாவது இருக்கும் என்பது அக்கியோவின் நம்பிக்கை. படம் முழுக்க அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். பத்து வயதுப் பிள்ளையின் மனத்தில் போருக்குச் சமமாகச் சாலை விபத்து வந்து நிற்கிறது. அப்படி நின்றதில் வியப்பே இல்லை. மறு வருடமான 1970இல் ஜப்பானியச் சாலைகளில் செத்தவர்கள் 16,765 பேர். அந்நாட்டு வரலாற்றிலேயே அதிகமான எண்ணிக்கை அது. செய்தித்தாள்கள் அந்த நிலைமைக்குப் ‘போக்குவரத்துப் போர்’ என்றே பெயர் வைத்திருந்தன. பிள்ளைகளுக்கான படம் எடுத்தவர்கள் பிள்ளைகள் எதற்குப் பயந்தார்கள் என்பதை அறிந்தே எடுத்தார்கள்.

கமேராவின் சந்தை தோஹோவின் கண்ணை உறுத்தியிருக்கும். தயாரிப்பாளர் தோமோயுகி தனாக்கா ஒரு முடிவுக்கு வந்தார்: காட்ஸில்லாவை நிறுத்த வேண்டாம், செலவைக் குறைத்து, நேரத்தைச் சுருக்கி, குழந்தைகளுக்கென்றே எடுப்போம். திரைக்கதை எழுதியவர் ஷினிச்சி செகிசாவா. ‘மோத்ரா’வையும் ‘கிங்காங் – காட்ஸில்லா’வையும் எழுதியவர், கலகலப்பான கை. இயக்குநர் இஷிரோ ஹோண்டா.

ஹோண்டாவை இந்தத் தொடரின் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1911இல் பிறந்தவர். இளமையின் நல்ல ஆண்டுகளைச் சீனப் போர்முனையில் தொலைத்து, போர்க்கைதியாக இருந்துவிட்டு 1946இல் நாடு திரும்பியவர். அணுகுண்டு வெறும் சாம்பலாக்கிய ஹிரோஷிமாவைத் தன் கண்ணால் பார்த்தவர். அந்த மனிதர் 1954இல் எடுத்த முதல் காட்ஸில்லாவில் ஒரு காட்சி வரும். எரியும் கின்சா வீதியின் ஓரத்தில் ஒரு தாய் தன் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாள். போரில் இறந்துபோன அப்பாவிடம் நாமும் போய்ச் சேரப்போகிறோம் என்று அவர்களைத் தேற்றுகிறாள். அந்தப் படத்தில் ராட்சதனின் உயரத்தை நான் உணர்வது அந்தத் தாயின் குனிந்த முதுகைப் பார்க்கும்போதுதான்.

பதினைந்து வருடம் கழித்து அதே ஹோண்டா எடுக்கும் படத்தில் பிள்ளையை அணைத்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை. தாய் இருக்கிறாள், தந்தை இருக்கிறார், நாட்டில் போர் இல்லை, பசி இல்லை. இருவரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

சிறுவனின் பெயர் இச்சிரோ. நடித்தவர் தொமோனோரி யசாகி. தொடக்கப் பள்ளி மாணவன். அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி. அப்பா ரயில் எஞ்ஜின் ஓட்டுநர். அந்த வேடத்தில் ஹோண்டாவின் பல படங்களில் தலைகாட்டிய கெஞ்சி சஹாரா. ஒரே நகரத்தில் அப்பா ரயிலை ஓட்டிக்கொண்டிருக்கிறார், மகன் தெருவில் நடந்துபோகிறான். அம்மாவும் வேலைக்குப் போகிறாள். வேலை நீண்டால் இரவு வெகுநேரம் ஆகும். பக்கத்துக் குடியிருப்பில் பொம்மை செய்யும் ஒருவர் இருக்கிறார், இனாமி என்று பெயர். பையனை அவ்வப்போது கூப்பிட்டு வைத்துப் பார்த்துக்கொள்வது அவர்தான். இந்த வேடத்துக்கு ஹோண்டா தேர்ந்தெடுத்தது ஹிதேயோ அமமோட்டோவை. ஒட்டிய கன்னமும் குழிந்த கண்ணுமாக, வில்லன் வேடத்துக்கென்றே பிறந்தவர்போல இருப்பார். இரண்டு வருடத்துக்கு முன் ‘கிங்காங்கின் மறுபடையெடுப்பு’ படத்தில் உலகை மிரட்டும் விஞ்ஞானியாக வந்தவரும் அவர்தான். அந்த முகத்தைக் கண்டு பயந்த பிள்ளைகளுக்கு, அதே முகத்தை அன்புள்ள அண்டைவீட்டுக்காரராகக் காட்டினார் ஹோண்டா. பார்க்கப் பயமாக இருப்பவர் நல்லவராக இருக்கலாம் என்ற பாடம் வசனமில்லாமல் போய்ச் சேர்கிறது.

இச்சிரோ கூச்ச சுபாவம். தெருவில் அவனைச் சீண்டுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அதன் தலைவன் பெயர் கபாரா. அவர்கள் வழிமறித்தால் இவன் ஒதுங்கிப் போய்விடுவான். வீட்டுக்கு வந்ததும் இனாமி செய்துகொடுத்த பொம்மைக் கம்ப்யூட்டரைத் திருகுவான். அப்படியே தூங்கிப்போவான். கனவில் விமானம் ஏறி ராட்சதர்கள் வாழும் தீவுக்குப் போவான். அங்கே ஒரு பெரிய கும்பிடுபூச்சியிடமிருந்து தப்பி ஓடி ஒரு பள்ளத்தில் விழுகிறான். மேலேயிருந்து ஒரு கொடி இறங்குகிறது. அதைப் பிடித்து ஏறிவந்தால் எதிரே நிற்பது மினிரா, காட்ஸில்லாவின் மகன். இவன் உயரமே இருக்கிறான். ஜப்பானிய மொழி பேசுகிறான். அவனையும் ஒருவன் தினமும் அடிக்கிறானாம். கையால் தொட்டாலே மின்சாரம் பாயும் அந்த முரட்டு ராட்சதனின் பெயரும் கபாராதான்.

இந்தச் சந்திப்புதான் படத்தின் உயிர். இரண்டு பிள்ளைகள் ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து தங்கள் துயரத்தைப் பேசிக்கொள்கிறார்கள். மினிராவின் அப்பா உலகிலேயே பலசாலி. ஆனால் மகனுக்காக அவர் சண்டை போட மாட்டார். உன் சண்டையை நீயேதான் போட வேண்டும் என்கிறார். இச்சிரோவின் அப்பாவுக்கும் நேரமில்லை. தூரத்தில் காட்ஸில்லா ஒவ்வொரு எதிரியாக வீழ்த்திக்கொண்டிருக்க, இந்த இரண்டு பேரும் பார்வையாளர்களாக வேடிக்கை பார்க்கிறார்கள்.

வேடிக்கை பார்க்கும் அந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை புதிதாக எடுத்தவை அல்ல. 1966இல் வந்த ராட்சத இறால் படத்திலிருந்தும், 1967இன் ‘காட்ஸில்லாவின் மகன்’ படத்திலிருந்தும், 1968 படத்திலிருந்தும் வெட்டி ஒட்டியவை. ஒரு காட்சியில் காட்ஸில்லாவுக்கு ஒரு முகம், அடுத்ததில் வேறு முகம். உடை மாறிவிட்டது அப்பட்டமாகத் தெரியும். படத்தை வெறுப்பவர்கள் முதலில் காட்டும் குறை இதுதான். பணமில்லாததால் செய்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஹோண்டாவும் செகிசாவாவும் அந்த வறுமையை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று பாருங்கள். இந்தப் படத்தின் உலகத்தில் காட்ஸில்லா உண்மையில் இல்லை. டோக்கியோவை அது மிதித்ததே இல்லை. இச்சிரோவின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஆக அவன் காணும் கனவு எதனால் ஆனதாக இருக்கும்? அவன் வயதுப் பிள்ளைகள் திரையரங்கில் பார்த்த படங்களால்தான். அரங்கில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பழைய சண்டைகளை ஏற்கெனவே பார்த்திருந்தது, இச்சிரோவும் பார்த்திருக்கிறான், இருவரும் ஒரே நினைவிலிருந்து கனவு காண்கிறார்கள். தனியாக இருக்கும் பிள்ளை, பிடித்த படத்தை மனத்துக்குள் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்து, நடுவில் தன்னையும் செருகிக்கொள்வதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

புதிதாக எடுத்த காட்சிகளையும் ஹோண்டாவே எடுத்தார். வழக்கமாக மனிதர்கள் நடிக்கும் பகுதி அவருடையது, தந்திரக் காட்சிகள் சுபுராயாவின் குழுவுடையது, இரண்டு தளங்கள், இரண்டு படப்பிடிப்புகள். இம்முறை சுபுராயாவின் உடல்நிலை சரியில்லை. அடுத்த ஆண்டு ஒசாகாவில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்கான வேலைகளும் அவர் தோள்மேல் இருந்தன. பெயர்ப்பட்டியலில் மேற்பார்வையாளர் என்று அவர் பெயர் வந்தது. வேலையை நின்று செய்தது ஹோண்டாவும் உதவியாளர் தெருயோஷி நகானோவும். காட்ஸில்லாவின் ரப்பர் உடைக்குள் முதல் படத்திலிருந்தே இருந்துவந்த ஹருவோ நகாஜிமாவே இதிலும் இருந்தார். இசை மட்டும் கைமாறியது. அகிரா இஃபுகுபேயின் கனத்த அணிவகுப்பு இசைக்குப் பதில், ‘அல்ட்ராமே’னுக்கு இசையமைத்த குனியோ மியாவுச்சியின் துள்ளல் இசை. தொலைக்காட்சியில் பழகிய செவிகளுக்குத் திரையரங்கிலும் அதே கை.

இனி ஊரைப் பற்றி. படம் நடக்குமிடம் கவாசாகி. டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவே, தாமா ஆற்றின் கரையில், விரிகுடாவை மண் போட்டு மேடாக்கிய நிலத்தில் எழுந்த தொழில்நகரம். எஃகு ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், ரசாயனத் தொழிற்சாலை எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். 1968இல் ஜப்பான் மேற்கு ஜெர்மனியைத் தாண்டி, கம்யூனிஸ்ட் அல்லாத நாடுகளில் அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய பொருளாதாரமாக ஆனது. அந்த வெற்றியைச் சமைத்த அடுப்படிகளில் ஒன்று கவாசாகி. புகை அங்கேயே தங்கிவிட்டது.

பெயர்ப்பட்டியல் ஓடும்போதே ஹோண்டா நமக்குக் காட்டுவது அந்தப் புகையையும் லாரிகளையும்தான். ஹாரன் சத்தத்துக்கும் வண்டிப் புகைக்கும் நடுவே இச்சிரோவும் அவன் தோழி சச்சிகோவும் பள்ளியிலிருந்து நடந்து வருகிறார்கள். இவர்கள் விளையாடப் புல்வெளி கிடையாது. ஆளில்லாமல் கைவிடப்பட்ட ஒரு கட்டடமும், அதைச் சுற்றி உடைந்த கான்கிரீட்டும் குப்பையும்தான் இச்சிரோவின் விளையாட்டு மைதானம். அங்கே கிடக்கும் ரேடியோ வால்வுகளைப் பொறுக்கிச் சேர்ப்பது அவன் பொழுதுபோக்கு. படப்பிடிப்புக்காக அமைத்த அலங்கோலமாக அது தோன்றுவதே இல்லை.

படம் வெளிவந்த அதே டிசம்பரில், மாசினால் நோயுற்றவர்களுக்கு நிவாரணம் வழங்கும் சட்டம் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. காற்று மாசுக்காக அந்தச் சட்டம் முதலில் குறித்த இடங்களில் யொக்காய்ச்சி, ஒசாகாவின் நிஷியோதொகாவா ஆகியவற்றோடு கவாசாகியின் கடலோரப் பகுதிகளும் இருந்தன. அங்கே ஆஸ்துமாவால் மூச்சுத் திணறியவர்களில் இச்சிரோவின் வயதுக்காரர்களும் இருந்தார்கள். நோயாளிகள் நிறுவனங்கள்மீதும் அரசின்மீதும் வழக்குத் தொடுக்க 1982 ஆனது. இந்த வரலாறு எதுவும் படத்தில் வசனமாக வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு வசனத்தில் சொல்லிப் புரியவைக்க வேண்டிய செய்தியும் அல்ல. அவன் அரங்கைவிட்டு வெளியே வந்தால் அதே புகையில்தான் நடக்கவேண்டும்.

கழுத்தில் வீட்டுச் சாவியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை ஜப்பானியர்கள் ‘காகிக்கோ’ என்றார்கள். 1960களில் செய்தித்தாள்களும் கல்வியாளர்களும் ஓயாமல் விவாதித்த விஷயம் இது. கிராமத்திலிருந்து குடும்பங்கள் நகரத்துக்கு வந்துவிட்டன. தாத்தாவும் பாட்டியும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு சிறிய அறை; அதில் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் எந்திரம் மூன்றும் வேண்டும். ஒரு சம்பளம் போதாது. விவாதங்களில் அதிகமாகக் குற்றவாளிக் கூண்டில் நின்றவள் வேலைக்குப் போன தாய்தான். ஹோண்டா அந்தக் கூண்டைத் தன் படத்துக்குள் கொண்டுவரவில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். இச்சிரோவின் தாயும் தந்தையும் பொறுப்பில்லாதவர்கள் அல்ல. பிள்ளையைத் தனியாக விடுகிறோமே என்ற குறுகுறுப்பு இருவருக்கும் இருக்கிறது. அந்தக் குறுகுறுப்போடேயே நாளைக்கும் வேலைக்குப் போவார்கள்.

கதையில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களும் உண்டு. 5 கோடி யென்னோடு கைவிடப்பட்ட அந்தக் கட்டடத்தில் ஒளிந்திருப்பவர்கள். அவர்களில் ஒருவனின் ஓட்டுநர் உரிமம் தற்செயலாக இச்சிரோவின் கையில் சிக்க, அவனைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். இன்று பார்ப்பவர்களுக்கு இந்தப் பகுதி வேடிக்கையாகத் தெரியும். அன்று அப்படி இருந்திருக்காது. சுமார் ஒரு வருடத்துக்கு முன், 1968 டிசம்பர் 10 அன்று, டோக்கியோவின் ஃபுச்சூ பகுதியில் போலீஸ்காரர் வேடத்தில் வெள்ளை மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன், வங்கிக் காரில் குண்டு இருப்பதாகச் சொல்லி ஆட்களை இறக்கிவிட்டு, காரோடு 29 கோடியே 43 லட்சத்து 7,500 யென்னை ஓட்டிக்கொண்டு போனான். ஒரு தொழிற்சாலை ஊழியர்களின் ஆண்டிறுதி போனஸ் பணம் அது. அவன் பிடிபடவே இல்லை. அதற்கும் முன், 1963இல், டோக்கியோவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கடத்திக் கொல்லப்பட்டது தாய்மார்களின் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. தனியாக இருக்கும் பிள்ளை, அறிமுகமில்லாத ஆண்கள், ஒரு கார்: மூன்றும் சேர்ந்தால் அரங்கிலிருந்த பெரியவர்களுக்கு என்ன நினைவு வந்திருக்கும் என்று யூகிப்பது கடினமல்ல.

பிடிபட்ட நிலையில் இச்சிரோ மறுபடி கனவுக்குள் போகிறான். அங்கே மினிரா இம்முறை ஓடுவதில்லை. இச்சிரோவின் உதவியோடு, ஏற்றப்பலகை போலக் கிடக்கும் மரத்தின் ஒரு முனையில் குதித்து, மறுமுனையில் நிற்கும் கபாராவை ஆகாயத்தில் எறிகிறான். கண்விழித்த இச்சிரோவுக்கு அந்தத் தெம்பு போதும். இடிந்த கட்டடத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் ஆயுதமாக்கி, தீயணைப்புக் கருவியின் நுரையைக் கொள்ளையர்கள் முகத்தில் பீய்ச்சி, போலீஸ் வந்துசேரும்வரை தாக்குப்பிடிக்கிறான்.

மறுநாள் தெருவில் கபாராவை எதிர்த்து நிற்கிறான், சண்டையில் ஜெயிக்கிறான். இதோடு முடித்திருந்தால் எந்தப் பெற்றோரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். ஹோண்டா ஒரு படி மேலே போகிறார். விளம்பரப் பலகைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளியின் வண்டி ஹாரனை இச்சிரோ அழுத்துகிறான். அவர் திடுக்கிட, பெயின்ட் அவர்மேலேயே கொட்டுகிறது. பையன்கள் ஆரவாரத்தோடு ஓடுகிறார்கள், இச்சிரோ அவர்களில் ஒருவனாகிவிட்டான். அவனைச் சீண்டியவர்கள் முன்பு அவனிடம் செய்யச் சொல்லி, அவன் செய்ய மறுத்த அதே குறும்பு இது.

இந்த முடிவை விமர்சித்தவர்கள் பலர். ஒரு பாவமும் அறியாத தொழிலாளிக்கு இழைத்த அநியாயத்தால் ஒரு பிள்ளைக்கு நண்பர்கள் கிடைப்பதா என்ற கேள்வி நியாயமானது. எனக்கும் அந்தப் பெயின்ட்காரரைப் பார்க்கும்போது வருத்தம்தான். ஆனால் இந்தக் காட்சியை நீக்கிவிட்டு ஒரு நல்லொழுக்க முடிவை வைத்திருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். தனிமையில் இருக்கும் பிள்ளை தேடுவது பெரியவர்களின் பாராட்டை அல்ல, தெருவில் தன்னோடு ஓடிவரும் நாலு பேரை. அந்த நாலு பேரும் நல்லவர்களாக இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த உண்மையைக் குழந்தைகளுக்கான படத்தில் மூடி மறைக்காமல் விட்டுவைக்கத் துணிச்சல் வேண்டும்.

படத்துக்கு வந்தவர்கள் 14 லட்சத்து 80 ஆயிரம் பேர். முந்தைய ஆண்டைவிட 11 லட்சம் குறைவு. ஆனாலும் செலவு சிறியது; மூன்று படங்களைச் சேர்த்துத் திருவிழாவாக நடத்தும் முறையும் தொடரத் தக்கதாக இருந்தது. சாம்பியன் மட்சுரி 1978 வரை நடந்தது. புதிய படம் இல்லாத விடுமுறைகளில் பழைய காட்ஸில்லா படங்களையே வெட்டிச் சுருக்கித் திரையிட்டார்கள். இன்று ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய ஜப்பானியர்களில் பலருக்கு முதல் காட்ஸில்லா அனுபவம் இந்தத் திருவிழாக்களில் கிடைத்ததுதான்.

படம் வெளிவந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. 1970 ஜனவரி 25 அன்று சுபுராயா காலமானார். சிறிய கட்டடங்களும் ரப்பர் உடையும் கேமராவுக்குள் வேகமாக ஓடும் படச்சுருளும் கொண்டு ஒரு தேசத்தின் பயங்களுக்கு உருவம் கொடுத்த கை ஓய்ந்தது. மார்ச் மாதம் ஒசாகாவில் திறக்கப்பட்ட கண்காட்சியில் அவர் உழைப்பும் இருந்தது. பார்க்க அவர் இல்லை. ஹோண்டா அடுத்த காட்ஸில்லா படத்தை இயக்க 1975 ஆயிற்று. டாய்எய் 1971 டிசம்பரில் திவாலானது; கமேராவும் நின்றது. அமெரிக்காவில் இச்சிரோவின் கதை ‘காட்ஸில்லா’ஸ் ரிவெஞ்ச்’ என்ற பெயரில் 1971இல் வெளியாகி, மகா ராட்சதச் சண்டையை எதிர்பார்த்து வந்தவர்களிடம் வசை வாங்கியது.

கவாசாகியின் புகை இதற்குள் டோக்கியோவின் தலைக்கு மேலும் வந்திருந்தது. 1970 ஜூலை 18 அன்று டோக்கியோவின் சுகினாமி பகுதியில், பள்ளி மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த மாணவிகள் கண் எரிந்து, தொண்டை அடைத்துச் சுருண்டு விழுந்தார்கள். வெயிலும் வண்டிப் புகையும் சேர்ந்து உருவாக்கிய நச்சுப்பனி அது. அவ்வாண்டு இறுதியில் நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் மாசு தொடர்பாக 14 சட்டங்களை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. தோஹோவில் யோஷிமிட்சு பன்னோ என்ற இளைய இயக்குநர் அந்தக் கழிவிலிருந்தே ஒரு ராட்சதனைச் செய்யலாம் என்றார். சேற்றிலும் எண்ணெய்க் கசடிலும் பிறந்து, ஆலைப் புகைபோக்கியில் வாய் வைத்து உறிஞ்சி வளரும் ஹெதோராவைப் பற்றி அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)